கம்யூனிஸ்ட் வராத படம்

அமீர் முகமட்டின் 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' படத்தை 2008இல்தான் பார்த்தேன். ஜெலாப்பாங்கில் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், யாரோ கைமாற்றிக் கொடுத்த வட்டைப் போட்டு, மடிக்கணினியில். மாமா 1944இல் தோட்டத்தில் பிறந்தவர். தலைப்பைச் சொன்னதும், கம்யூனிஸ்ட்காரன் படமா என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கால் மணி நேரம் போயிருக்கும். பொறுமை போய்விட்டது.

"எங்கடா அவன்? ஆளையே காணோம்?"

இந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்தப் பார்வையாளர் மாமாதான் என்று இப்போது நினைக்கிறேன். 'கடைசிக் கம்யூனிஸ்ட்' என்று தலைப்பு வைத்துவிட்டு, மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் சின் பெங்கை அமீர் கண்ணிலேயே காட்டுவதில்லை. குரல் இல்லை. புகைப்படம்கூட இல்லை. சித்தியவானில் சைக்கிள் கடைக்காரர் மகனாகப் பிறந்தவர் காட்டுக்குப் போன கதை திரையில் எழுத்தாக மட்டும் வந்து போகிறது. கேமரா அவர் வாழ்ந்த ஊர்களுக்குப் போய் அங்கே இன்று இருப்பவர்களோடு பேசுகிறது. அவர்கள் தங்கள் பிழைப்பைச் சொல்கிறார்கள், விலைவாசியைச் சொல்கிறார்கள். இடையிடையே பழைய அரசாங்கப் பிரசாரப் படங்களில் வருவது மாதிரி, சிரித்த முகத்தோடு சில பாட்டுகள். கடைசியில் எல்லையைத் தாண்டி, தென் தாய்லாந்தில் குடியமர்ந்த முன்னாள் கொரில்லாக்களின் கிராமத்துக்குப் போகிறோம். அங்கேயும் அந்த ஆள் வருவதில்லை.

இதைத்தான் தடை செய்தார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இன்றைய வாசகர்கள் பலருக்கு ஞாபகம் இருக்காது. 2006 பெர்லின் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. நம் தணிக்கை வாரியம் ஒரு வெட்டும் இல்லாமல், எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தது. 2006 மே 18இல் திரையரங்குக்கு வரவேண்டிய படம். அதற்குள் 'பெரித்தா ஹரியான்' நாளிதழ் எதிர்ப்பைத் தொடங்கியது. ஒரு கம்யூனிஸ்ட் தலைவனுக்குப் படமா, அவசரகாலத்தில் செத்த போலீஸ்காரர்களுக்கும் ராணுவத்தினருக்கும் என்ன பதில் என்ற தொனி. படம் அப்போது எந்தத் திரையரங்கிலும் ஓடவில்லை. ஆனாலும் கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. மே 5ஆம் தேதி உள்துறை அமைச்சு தடையை அறிவித்தது. அப்போதைய அமைச்சர் ரட்சி ஷேக் அகமட். அந்த மாதமே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தனியாகப் போட்டுக் காட்டினார்கள். தடை அப்படியேதான் இருந்தது.

இத்தனைக்கும் சின் பெங்கின் நினைவுக்குறிப்பு 2003இலேயே வெளிவந்து கோலாலம்பூர் புத்தகக் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. அதில் அவர் தன் தரப்பைத் தன் வாயாலேயே சொல்கிறார். அதை விற்கலாம், அவர் இல்லாத படத்தைக் காட்டக்கூடாது! ஆங்கிலம் படிக்கிற ஆயிரம் பேரைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, திரையரங்குக்குப் போகிற கூட்டத்தைப் பற்றித்தான் கவலை என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு அது போதவில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு படம் உண்டு. நேமவீயின் 'பங்க்ளாசியா'. கோமாளித்தனமான அரசியல் நையாண்டி. 2014இல் வெளிவர வேண்டியது, தணிக்கையில் 31 காட்சிகளில் குறை கண்டார்கள். முடங்கிக் கிடந்து, ஆட்சி மாறிய பிறகு 2019இல் 'பங்க்ளாசியா 2.0' என்று வந்தது. 31 காட்சி என்றால் பேரம் பேசலாம். இதை எடு, அதை மாற்று, இந்த வசனத்தை ஊமையாக்கு. அமீர் படத்தில் எதை வெட்டச் சொல்வது? பேட்டி கொடுக்கிற கடைக்காரரையா? வெட்டுவதற்கு ஒன்றுமில்லாத படத்தை மொத்தமாக மூடுவதைத் தவிர அமைச்சுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆபத்தான காட்சி என்று ஒன்று இருந்தால் அது திரையில் இல்லை, பார்ப்பவன் தலைக்குள் இருந்தது.

அந்தக் காட்சியை நம் தலைக்குள் வைத்ததும் ஒரு படம்தான். ஜின்ஸ் சம்சுதீன் இயக்கி நடித்த 'புக்கிட் கெப்போங்' (1981). 1950 பிப்ரவரியில் ஜொகூரில் ஒரு போலீஸ் நிலையத்தைக் கம்யூனிஸ்ட்டுகள் தாக்கிய உண்மைச் சம்பவம். தொலைக்காட்சியில் அதைப் பார்க்காமல் என் தலைமுறையில் யாரும் வளரவில்லை. சொல்லப்போனால் நல்ல படம். அந்த நிலையத்தில் இருந்தவர்கள் செத்ததும் பொய்யில்லை. ஆனால் கம்யூனிஸ்ட் என்றால் இருட்டிலிருந்து துப்பாக்கியோடு வரும் முகம் என்பது அந்தப் படத்தோடு முடிந்துபோன விஷயமாகிவிட்டது. அமீர் அந்த முகத்தோடு சண்டை போடவில்லை. அதைக் காட்டாமல் விட்டார். நாம் பயந்து காத்திருக்கிறோம், அவர் பாட்டுப் போடுகிறார். நையாண்டி முழுவதும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

அரசியல் நையாண்டி என்றதும் தமிழர்களாகிய நமக்குச் சோவின் 'முகமது பின் துக்ளக்' ஞாபகம் வரும். 1968இல் மேடை நாடகம், 1971இல் படம். ஆளுங்கட்சியான திமுகவின் எதிர்ப்பையும் முஸ்லிம்களின் கண்டனத்தையும் தாண்டித்தான் அது வெளிவந்தது. கல்லறையிலிருந்து எழுந்து வந்தவன் பிரதமராகிறான், பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறான், தன் பக்கம் தாவுகிற எம்.பிக்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி தருகிறான். யாரைச் சொல்கிறார் என்று அடிபட்டவனுக்கும் தெரியும், கைதட்டியவனுக்கும் தெரியும். அதனால் சண்டையும் நேருக்கு நேர் நடந்தது. சோ படத்தைப் பார்த்துவிட்டு, சிரித்தபடி, நாம் அந்த ஆள் இல்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகலாம். (கடைசிக் காட்சியில் ஜனங்களையும் அவர் விடுவதில்லை, ஆனால் அதற்குள் நாம் சிரித்து முடித்திருப்போம்.) அமீர் யாரையும் அடிக்கவில்லை. அடிபட்டவர் யார் என்றே தெரியாததால் எல்லாருக்கும் கோபம் வந்தது.

படத்தின் மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. பாட்டுகள் முதல் இரண்டு முறை சிரிக்க வைக்கின்றன, அப்புறம் இயக்குநரின் சாமர்த்தியம் மட்டும் தெரிகிறது. விஷயம் தெரிந்தவன்தான் சிரிப்பான், தெரியாதவன் மாமாவைப் போல "ஆள் எங்கே" என்று உட்கார்ந்திருப்பான். அடுத்த வருடம் வந்த 'அப்பா கபார் ஓராங் கம்போங்' இதைவிட முதிர்ந்த படம். தென் தாய்லாந்தில் வாழும் மலாய் முன்னாள் கம்யூனிஸ்ட்டுகளின் பேச்சுக்கு நடுவே, ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' கதையை ஒரு வானொலி நாடகமாக ஓடவிட்டிருப்பார். அதில் சாமர்த்தியம் உறுத்தாது. அதையும் தடை செய்தார்கள்.

இன்னொரு குறை நம்மைப் பற்றியது. 2006இல் நான் படித்தவரையில் இந்தச் சர்ச்சையை மலாய்க்காரரும் சீனரும் அடித்துக்கொள்கிற விவகாரமாகவே நம் ஆட்கள் பார்த்தார்கள். நமக்கென்ன என்று. அவசரகாலம் தொடங்கக் காரணமான கொலைகள் நடந்தது 1948 ஜூன் 16இல், சுங்கை சிப்புட்டில், பால்மரத் தோட்டங்களில். ஜெலாப்பாங்கிலிருந்து செம்மோர் வழியாகப் போனால் வந்துவிடுகிற ஊர். தொழிற்சங்கத் தலைவர் கணபதியைத் தூக்கில் போட்டது 1949 மே 4. அதற்கு முதல்நாள் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார். பிரிக்ஸ் திட்டத்தில் சீனர்களைப் புதுக்கிராமங்களில் அடைத்ததைப் பாடப்புத்தகம் சொல்கிறது. தோட்ட லயங்களையும் முள்வேலிக்குள் கொண்டுவந்து, வாசலில் ஆளை நிறுத்திச் சோதித்ததை எங்கே படித்தோம்?

மாமாவிடமிருந்துதான் நான் அதைக் கேட்டேன். ஆள் வரமாட்டான் என்று தெரிந்ததும் அவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். பெரட்டுக்குப் போகும்போது அவர் அம்மாவின் தூக்குச்சட்டியைத் திறக்கச் சொல்வார்களாம். சோறு வெளியே போகக்கூடாது. காட்டில் இருப்பவனுக்குப் போய்விடுமாம். "பசியோடதான் மரம் சீவணும். பால எடுத்துக்கிட்டுத் திரும்புறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வரும்னு அம்மா சொல்லும்" என்றார். காட்டிலிருந்து வந்தவன் ஒருத்தன் ராத்திரியில் அரிசி கேட்டதையும் சொன்னார், கொடுத்தார்களா இல்லையா என்பதைச் சொல்லவில்லை. நடுவில் எழுந்துபோய்ச் சன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். 1989இல் ஹாட்யாய் ஒப்பந்தத்தோடு சண்டை முடிந்து அப்போது பத்தொன்பது வருடம்.

சின் பெங் 2013இல் பாங்காக்கில் இறந்தார். ஊருக்கு வரவிடவில்லை. 2019இல் அவருடைய சாம்பலை ரகசியமாகக் கொண்டுவந்து லூமுட் பக்கத்துக் கடலிலும் தித்திவங்சா மலைத்தொடரிலும் தூவிவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆட்சி மாறியிருந்த நாட்டில் அதே கூச்சல், அதே வார்த்தைகள். படத்தடைகளும் நிற்கவில்லை. 'மெந்தேகா தெர்பாங்' படம் 2023இல் தடை செய்யப்பட்டு, 2024 ஜனவரியில் அதன் இயக்குநர்மீதும் தயாரிப்பாளர்மீதும் வழக்கே தொடுத்தார்கள். அமீருக்குத் தடை மட்டும்தான். அந்த வகையில் அவருடைய காலம் கொஞ்சம் நல்ல காலம்.

அன்று மாமா பேசியதை நான் பதிவு செய்யவில்லை. படத்தை நிறுத்தக்கூட இல்லை. அவர் குறுக்கே பேசுவதால் சப்டைட்டில் தவறிப்போகிறதே என்ற எரிச்சலில் ஒரு கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தேன்.