வரிசை வீடுகளும் கலை மதிப்பீடும்

நலிவுற்ற நகர்ப்பகுதிகளுக்குப் புத்துயிர் ஊட்டுவதையே நோக்கமாகக் கொண்ட கலைமுயற்சிகள் அண்மைக் காலத்தே பல தோன்றியுள்ளன. இவற்றைக் கலையென மதிப்பிடுவதா, தொண்டெனப் போற்றுவதா என்பது திறனாய்வாளரிடையே தீராத வழக்காக உள்ளது. இத்தகைய முயற்சிகள் அறநோக்கு ஒன்றாலேயே மதிக்கப்படுகின்றன, கலைநலம் ஆராயப்படுவதில்லை என்று கிளேர் பிஷப் 2006-இல் எழுதிய கட்டுரையில் குறை கூறினார். கிராண்ட் கெஸ்டரோ, கலைஞர் மக்களோடு நிகழ்த்தும் உரையாடலிலேயே கலைநலம் உண்டு என்பார். இவ்விரு கொள்கைகளையும் ஒரு சான்றின்வழி ஆராய்தலே ஈண்டு எம் நோக்கம்.

அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் நகரில், கறுப்பின மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தேர்டு வார்டு பகுதியில், 1993-இல் ‘புராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ என்னும் வரிசைவீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. தம் பணிக்கூடத்திற்கு வந்த பள்ளி மாணவர் ஒருவரின் வினாவே இதற்கு வித்திட்டது என்று ஓவியர் ரிக் லோ கூறியுள்ளார். எம் துன்பங்களை ஓவியத்திற் காட்டுகின்றீர். அவற்றை யாம் முன்னரே அறிவோம். தீர்வு ஒன்றைப் படைத்தல் இயலாதா என்பதே அவ்வினாவின் கருத்து. லோவும் கலைஞர் அறுவரும் கூடிப் பாழடைந்து கிடந்த 22 சிறு வீடுகளைச் செப்பனிட முனைந்தனர். அவற்றுட் சில கலைப்படைப்புகளுக்கு இடமாயின. வேறு சிலவற்றில், 1996 முதல், தனித்து வாழ்ந்த இளந்தாயர் தம் குழந்தைகளுடன் தங்கிக் கல்வி பயின்றனர்.

பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டாதது ஏன்? இவ்வினாவிற்கான விடையிலேயே இம்முயற்சியின் கலைநலம் அடங்கியுள்ளது. அவை ‘ஷாட்கன்’ வீடுகள் எனப்படும்; அறையின் பின் அறையாக நீண்டு, முன்புறம் திண்ணை உடையன. இவ்வமைப்பு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஹைத்தி வழியாக நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது என்று ஜான் மைக்கேல் விளாக் ஆராய்ந்து காட்டினார். அப்பகுதியிலுள்ள டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஓவியர் ஜான் பிக்கர்ஸ் இவ்வீடுகளையே பன்முறை தீட்டினார். பிறர் வறுமையின் அடையாளமாகக் கண்டதனை அவர் மக்கட்கூட்டம் ஒன்றின் மரபாகக் கண்டார். லோ அவ்வழி நின்றார். அடுத்தடுத்து அமைந்த திண்ணைகள் அயலாரை ஒருவரையொருவர் காணவும் பேசவும் செய்வன. ஆதலின் வடிவத்தைக் காத்தலும் சுற்றத்தைக் காத்தலும் ஈண்டு ஒரே செயலாயின. கலைநலத்தையும் அறத்தையும் வேறு பிரித்துக் காண்போர்க்கு இஃது இடந்தருவதில்லை. உரையாடலே முதன்மையானது என்பாரும், இங்கு உரையாடலுக்கு முன்னரே வீட்டின் வடிவம் நிற்பதனை எண்ணுதல் வேண்டும்.

இனி, தமிழ்த் திறனாய்வு இதற்கு அளிக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள், பாடலிற் பயிலுங்கால் ஒன்றினும் ஒன்று சிறப்புடைத்து என்பது தொல்காப்பியர் கொள்கை. எனவே, செய்யுளில் உரியே தலையாயது. நிலம் மறைந்த பின்னும் அந்நிலத்தின் ஒழுக்கம் பாட்டில் வாழும். வாழும் மக்களின் தெருவையே படைப்பாகக் கொண்ட கலையில் இம்முறை தலைகீழாகின்றது. நிலம் கைவிட்டுப் போயின், வீடும் ஒழுக்கமும் உடன் போம்.

இதுவே இம்முயற்சிக்கு நேர்ந்த இடர். தேர்டு வார்டு நகர மையத்தை அடுத்தது; அங்கு நிலவிலை உயர்ந்தது; வாடகைக்கு இருந்தோர் வெளியேறும் நிலை தோன்றிற்று. கலையால் பெற்ற புகழும் விலையேற்றத்திற்குத் துணை போகலாம் என்பதனை மறுத்தற்கில்லை. 2003-இல் குறைந்த வாடகைக்கு வீடு அளிக்கத் தனி அமைப்பு ஒன்று நிறுவப்பெற்றது. ரைஸ் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் பழைய வீடுகளின் சாயலிலேயே புதிய வீடுகளை வரைந்தளித்தனர். இதனைத் துணைப்பணி என ஒதுக்குவோர் உளர். எம் கருத்து அஃதன்று. வாடகையைத் தாழ்த்தி வைத்தலும் இப்படைப்பின் உறுப்பே. அஃது இன்றேல் எஞ்சுவது அழகிய வீடுகளின் காட்சிச்சாலை மட்டுமே.

2014-இல் லோவுக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. எனினும், பரிசும் காண வருவோர் தொகையும் இத்தகைய கலைக்கு அளவுகோல் ஆகா. யாருக்காகத் தெரு திருத்தப்பட்டதோ அவர் அத்தெருவிலேயே வாழ்கின்றனரா என்பதே திறனாய்வாளர் முதற்கண் வினவத்தக்கது என்பது எம் துணிபு.