ஊரார் வீட்டு நெய்: செகண்ட் லைஃபும் 1024 மோகமும்

செகண்ட் லைஃப், சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் 2003-ல் திறந்துவிட்ட மெய்நிகர் உலகம். அங்கே இருக்கிற வீடு, மரம், செருப்பு, கம்மல் என்று கிட்டத்தட்ட எல்லாமே பயனர்கள் செய்தவை. அதுதான் அதோட பெருமை. கூட்டமான கடைக்குள்ள நுழைஞ்சா படம் திக்கித் திணறுவதற்கும் அதையேதான் காரணமாகச் சொல்வார்கள்: "பில்டர்கள் எல்லாம் அமெச்சூர். ஆப்டிமைஸ் பண்ணத் தெரியாது."

இந்தப் பழியை நான் ஏற்கவில்லை. பில்டர்கள் நன்றாகவே கணக்குப் பார்க்கிறார்கள். கோளாறு, அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கணக்கில் இருக்கிறது.

டெக்ஸ்சர் என்பது முப்பரிமாணப் பொருளின் மேல் போர்த்துகிற படம். செகண்ட் லைஃப் அதை ஜேபெக் 2000 வடிவத்தில் அனுப்புகிறது. இறங்கும்போது ஃபைல் சின்னதுதான். ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகுமுன் அது முழுசாக விரிக்கப்படுகிறது. பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால் 1024×1024 படத்துக்கு 4 எம்பி. தூரத்தில் காட்டுவதற்கான சிறிய பிரதிகளையும் (மிப்மேப்) சேர்த்தால் சுமார் 5.3 எம்பி. 512×512 என்றால் இதில் கால்வாசி. 256×256 என்றால் பதினாறில் ஒன்று.

இதை உங்கள் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1920×1080 திரையில் மொத்தம் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். ஒரு 1024 டெக்ஸ்சரில் 10.5 லட்சம். அதாவது இரண்டே டெக்ஸ்சரில் முழுத் திரையை நிரப்பும் அளவுக்கு விவரம் இருக்கிறது. ஆனால் மேஜைக் காலுக்கு ஒன்று, பூந்தொட்டிக்கு ஒன்று, சட்டைப் பொத்தானுக்கு ஒன்று என்று 1024 போடுகிறார்கள். அதிகாரபூர்வ வியூவர் பல வருஷமாக டெக்ஸ்சருக்கு ஒதுக்கிய உச்சவரம்பு 512 எம்பி. மேலே சொன்ன கணக்குப்படி சுமார் 96 படத்தில் அது நிரம்பிவிடும். அதற்கப்புறம் வியூவர் ஒன்றைத் தூக்கி எறிந்து இன்னொன்றை ஏற்றும். சுவர் மங்கும், தெளியும், மறுபடி மங்கும். பழைய பயனர்களுக்கு இந்தக் காட்சி அத்துப்படி.

"தூரத்துப் பொருளுக்குக் குறைந்த தெளிவுதானே இறங்குது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திறந்த வெளியில் அது உதவும். ஆனால் 20 மீட்டர் கடை அறைக்குள் எல்லாமே பக்கத்தில்தான் இருக்கிறது.

சரி, பில்டர் ஏன் இப்படிச் செய்கிறார்? அவருக்கு இது ஓசி. பல வருஷமாக ஒரு டெக்ஸ்சரை ஏற்ற 10 லிண்டன் டாலர், ஏறக்குறைய 4 அமெரிக்க சென்ட். 64×64 போட்டாலும் அதே 10, 1024×1024 போட்டாலும் அதே 10. பிறகு நிலக் கணக்கு. 2011-ல் மெஷ் வந்தபோது 'லேண்ட் இம்பாக்ட்' என்ற அளவுகோலும் வந்தது. டவுன்லோடு, பிசிக்ஸ், சர்வர் ஆகிய மூன்று எடைகளில் எது பெரிதோ அதுதான் பொருளின் எடை. இந்த மூன்றிலும் டெக்ஸ்சர் கிடையாது. விளைவு என்ன? முக்கோணங்களை ஒவ்வொன்றாகச் செதுக்கிக் குறைக்கும் அதே பில்டர், இழந்த விவரத்தை எல்லாம் பெரிய டெக்ஸ்சரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். எதை அளக்கிறோமோ அதில்தான் சிக்கனம் வரும்.

அளக்கிற இடத்திலும் அளவுகோல் சரியில்லை. வியூவரின் மூல நிரல் 2007-லிருந்து திறந்தே இருக்கிறது, யாரும் படிக்கலாம். அவதாரின் 'காம்ப்ளெக்சிட்டி'யைக் கணிக்கும் பகுதியில் நான் பார்த்த டெக்ஸ்சர் சூத்திரம் இது: அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே 128-ஆல் வகுத்துக் கூட்டு, 16-ஆல் பெருக்கு, 256 சேர். 512×512 படத்துக்கு 384 வருகிறது. 1024-க்கு 512. 2048-க்கு 768. மெமரி 16 மடங்கு ஏறும்போது மதிப்பெண் இரண்டு மடங்குதான் ஏறுகிறது. பரப்பளவுக்குப் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறார்கள்.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம்மூரில் சொல்வதுதான் இங்கே நடக்கிறது. நெய் வந்தவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஊற்றுகிற கை பில்டருடையது. நல்ல கார்டு வைத்திருப்பவருக்கு இது தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் முதல்முறை நுழைகிறவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை, ஆனால் போய்விட்டார்.

குறைந்த மெமரியில் அழகு வராது என்பதும் உண்மையில்லை. 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே சுமார் 40 கிலோபைட். அதில் மேகமும் புதரும் ஒரே வரைபடம், நிறம்தான் வேறு. செகண்ட் லைஃபிலும் இதே வித்தை சாத்தியம். வெளிர் நிற மரப்பட்டை ஒன்று 512-ல் போதும். தேக்கு, கருங்காலி எல்லாம் டின்ட் மாற்றினால் வந்துவிடும். அதை அடுத்தடுத்து ஒட்டி முழுத் தரையையும் மூடலாம். சின்னச் சின்னப் பொருட்களை ஒரே படத்தில் அடுக்கி அட்லஸாக வைத்துக்கொள்ளலாம். காதோரத்துக் கம்மலுக்கும் முகத்துக்கும் பெரிய படம் தேவை என்றால் போடுங்கள், பக்கத்தில் வந்து பார்ப்பார்கள். பூந்தொட்டியின் அடிப்பாகத்துக்கு எதற்கு?

இன்றைக்கு இது அவசரமும்கூட. புதிய பிபிஆர் முறையில் ஒரு மேற்பரப்புக்கு நாலு டெக்ஸ்சர் வரை வரலாம், 2048 அளவும் அனுமதி. நாலையும் அந்த அளவில் போட்டால் ஒரே மேற்பரப்புக்கு சுமார் 85 எம்பி.

பில்டர்களுக்கு வகுப்பெடுப்பது நல்லதுதான், அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. விஆர்சாட்டில் அவதாரின் டெக்ஸ்சர் மெமரியும் தர மதிப்பீட்டில் சேர்கிறது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் தரம் தெரியும். செகண்ட் லைஃபிலும் லேண்ட் இம்பாக்டில் டெக்ஸ்சரைப் பரப்பளவு கணக்கில் சேர்க்கட்டும். பழைய வீடுகளை விட்டுவிடலாம், புதிதாக ஏற்றுவதற்கு மட்டும் போதும். முக்கோணத்தை எண்ணி எண்ணிக் குறைத்தவர்கள் பிக்சலையும் குறைப்பார்கள்.