வெயில் ஊரில் மரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூடம்

கயத்தாறில் வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. அறுத்த பலகைகளை ரீப்பர் கொடுத்து அடுக்கி வைத்தால் தானாகவே காய்ந்துவிடும். அப்புறம் கண்ணாடிக் கூரையின் கீழ் மரம் காயவைக்கும் சூரிய உலர்கூடம் ஒன்று சொந்தமாக எதற்கு? ‘சீக்கிரம் காயும்’ என்பதுதான் கட்டுகிறவர்கள் சொல்லும் முதல் காரணம். இந்தக் கரிசல் பூமியில் எடுபடாத காரணமும் அதுதான்.

மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. மேற்பரப்பு சுருங்க, உள்பகுதி ஈரமாகவே நின்றால் வெடிப்பு விழும். ஆனி, ஆடிக் காற்றில் திறந்தவெளிப் பலகையின் நுனி பிளப்பது இதனால்தான். மூடிய கூடத்தில் மரம் விடும் ஈரமே உள்காற்றைப் பதமாக வைக்கிறது. இரவில் சூடு தணிந்து ஈரப்பதம் ஏற, மேற்பரப்பின் இறுக்கமும் தளர்கிறது. ஆக, இந்த ஊரில் கூடத்தின் முதல் பயன் உலர்தலை நிதானப்படுத்துவது. இரண்டாவது பயன் ஐப்பசி, கார்த்திகையில் தெரியும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நின்றால், வெளியே கிடக்கும் பலகை ஏறத்தாழ 16 சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்காது. மேசை, அலமாரிக்கு அது போதாது.

வடிவமைப்பில் பலரும் சறுக்குவது வேற்றூர் வரைபடத்தை அப்படியே எடுப்பதில். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் 1970-களிலேயே சூரிய உலர்கூடத்தை உருவாக்கிவிட்டது. டேராடூன் இருப்பது 30 பாகை வடக்கே. கயத்தாறு 9 பாகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போகிறது. குளிர்நாட்டு வழக்கப்படி 45 பாகைச் சரிவில் தெற்கு நோக்கிக் கூரை போட்டால், ஜூன் நண்பகலில் நேர்வெயிலின் பாதிதான் அதில் விழும். மழைநீர் வடிய 10 பாகை போதும். அஸ்திவாரத்திலும் கவனம் வேண்டும். கரிசல் மண் மழைக்கு உப்பி, கோடைக்குப் பிளக்கும். கதவுச் சட்டம் கோணி இடுக்கு விழுந்தால், காற்றடிக் காலத்தில் சூடெல்லாம் வெளியே போய்விடும்.

வேகம் பற்றிய பேச்சைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் வேப்பம்பலகையின் உலர் எடை 600 கிலோ என்று கொள்வோம். ஈரம் 60 சதவீதத்திலிருந்து 12-க்கு இறங்க 288 கிலோ நீர் வெளியேற வேண்டும். கிலோவுக்குச் சுமார் 0.65 யூனிட் வீதம் ஏறக்குறைய 190 யூனிட் வெப்பம் தேவை. நான்கு சதுர மீட்டர் கூரையில், சதுர மீட்டருக்கு 5 யூனிட் வீதம் நாளுக்கு 20 யூனிட் வெயில் விழும். மூன்றில் ஒரு பங்கு பயன்பட்டால் நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் முடிக்க விரும்பினால் கூரையை மூன்று மடங்கு பெரிதாக்க வேண்டும். அப்போது எந்த வெடிப்பைத் தவிர்க்கக் கூடம் கட்டினோமோ, அதே வெடிப்பு உள்ளேயே விழும்.

சோதனை என்ற பெயரில் பலர் தருவது வெப்பமானி காட்டும் எண் மட்டுமே. உள்ளே 60 டிகிரி ஏறியது என்பதால் மரம் காய்ந்ததாகிவிடாது. ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் பலகை வெறுமனே வேகும். நியாயமான சோதனைக்கு ஒரே தடியில் அறுத்த பலகைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, பாதியைக் கூடத்திலும் மீதியைக் காற்று மறைப்புள்ள நிழற்கொட்டகையிலும் அடுக்க வேண்டும். மாதிரித் துண்டுகளை 103 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து ஈரத்தைக் கணக்கிட வேண்டும். கடைசியில் வெடித்தவை, முறுக்கியவை எத்தனை என்று இரு அடுக்கிலும் எண்ண வேண்டும்.

பூச்சி சாகும் என்ற வாக்குறுதியையும் தள்ளிவிடலாம். மரப் பெட்டிகளுக்கான சர்வதேச விதி, மரத்தின் நடுப்பகுதியே 56 டிகிரியில் 30 நிமிடம் நிற்க வேண்டும் என்கிறது. காற்றின் சூட்டை மட்டும் பார்த்து அதை உறுதி சொல்ல முடியாது.

ஆகவே, வேம்பு, பூவரசு போன்றவற்றை ஒரு அங்குலப் பலகையாக அறுத்து, மழைக்காலத்திலும் மேசை, அலமாரி செய்து விற்கும் ஆசாரிக்கு இந்தக் கூடம் தகும். நிலைக்கான கனத்த சட்டங்களுக்கு நான்கு வாரக் கணக்கு பொருந்தாது. சீமைக்கருவேல் இயல்பிலேயே குறைவாகச் சுருங்குவதால் அதற்கும் இது அவசியமில்லை. கோடையில் மட்டும் வேலை செய்பவர், முதலில் நல்ல நிழற்கொட்டகை போட்டு, பலகை நுனிகளில் மெழுகோ பெயின்டோ பூசட்டும். அந்தக் கொட்டகையைவிடக் கூடத்தில் கழிவு குறையவில்லை என்றால், கண்ணாடிக்குப் போட்ட பணம் வீண்.