கம்பியை எண்ணினார்கள், புலத்தை அளந்தார்களா?

மின்கம்பிக்கு அருகில் குடியிருந்தால் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் என்ற அச்சம் பல நாடுகளில் பெற்றோரை அலைக்கழித்திருக்கிறது. அதன் ஊற்றுக்கண், அமெரிக்காவின் டென்வர் நகரைப் பற்றி 1979-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. இதை எடுத்துக் காட்டுவோர் பலர். அதில் என்ன செய்தார்கள் என்று பார்த்தவர்கள் சிலரே. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆய்வு செய்தவர்கள் நான்சி வெர்தைமர், எட் லீப்பர் என்ற இருவர். 1950 முதல் 1973 வரை புற்றுநோயால் இறந்த 344 சிறுவர் சிறுமியரின் வீடுகளைத் தேடிச் சென்றார் வெர்தைமர். அதே எண்ணிக்கையில் நோயற்ற குழந்தைகளின் வீடுகளையும் பார்த்தார். தெருக் கம்பங்களில் தடித்த கம்பி போகிறதா, மெல்லிய கம்பியா, டிரான்ஸ்பார்மர் எவ்வளவு தொலைவில் என்று குறித்துக்கொண்டார். மிகுந்த மின்னோட்டம் செல்லக்கூடிய கம்பிகளுக்கு அருகிலிருந்த குழந்தைகளிடையே புற்றுநோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்ற முடிவு கிடைத்தது.

ஒரு தவறான கருத்தை முதலில் நீக்கிவிட வேண்டும். அவர்கள் கவனித்தவை பெரும்பாலும் வீதியில் போகும் சாதாரணக் கம்பிகளே. வயல்வெளியில் கோபுரங்கள் தாங்கி நிற்கும் உயர் அழுத்தக் கம்பிகள் அல்ல. காந்தப் புலத்தை உண்டாக்குவது மின்னோட்டம், மின்னழுத்தம் அன்று. இந்த வேறுபாட்டை அறிந்து ஆய்வைத் தொடங்கியது அவர்களுடைய சிறப்பு.

ஆனால் குறை எங்கே? வீட்டுக்குள் இருந்த காந்தப் புலத்தைக் கொண்டு அவர்கள் குழந்தைகளைப் பிரிக்கவில்லை. கம்பியின் தடிமனையும் தொலைவையும் வைத்து ஊகித்தார்கள். அதுவும் 1976, 1977-இல் கண்ட கம்பிகளை வைத்து! எது நோயுற்ற குழந்தையின் வீடு என்பது, குறிப்பெடுத்தவருக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருந்தது. தடித்த கம்பி போகும் தெரு பொதுவாக எத்தகைய தெரு? போக்குவரத்து மிகுந்ததாக, பழைய வீடுகள் நிறைந்ததாக இருக்கக்கூடும். டென்வர்க் குழந்தைகளைப் பற்றிய வேறோர் ஆய்வு, போக்குவரத்து நெரிசலுக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக 1989-இல் கூறிற்று. அப்படியானால் கம்பி என்ற அளவுகோல் அளந்தது காந்தப் புலத்தையா, தெருவையா?

1988-இல் டேவிட் சாவிட்ஸ் குழுவினர் அதே டென்வரில் வீட்டுக்குள் கருவி வைத்து அளந்தார்கள். அளந்த புலத்தைவிடக் கம்பியின் வகையோடுதான் நோய் நெருங்கி நின்றது. இது விந்தைதான்! புலமே காரணமானால், அதை நேரில் அளக்கும்போது தொடர்பு வலுக்க வேண்டுமல்லவா? 1997-இல் மார்த்தா லினெட் குழுவினர் இரத்தப் புற்றுநோய் கண்ட 638 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். படுக்கையறையில் 24 மணி நேரம் அளந்தும் உறுதியான தொடர்பு தெரியவில்லை. கம்பி வகையிலும் தெரியவில்லை.

என் பார்வையில் மிகத் தெளிவான சான்று பிரிட்டனிலிருந்து வந்தது. ஜெரால்டு டிரேப்பர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உயர் அழுத்தக் கம்பியிலிருந்து 200 மீட்டருக்குள் பிறந்தவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் 69 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் 200 முதல் 600 மீட்டர் வரை பிறந்தவர்களுக்கும் 23 சதவீதம் கூடுதல்! அவ்வளவு தொலைவில், வீட்டிலுள்ள மின்சாதனங்களும் ஒயர்களும் உண்டாக்கும் புலத்தைவிடக் கம்பியின் புலம் குறைவு. 2014-இல் வெளிவந்த தொடராய்வு இன்னொன்றையும் காட்டியது. 1960, 70-களில் காணப்பட்ட அந்தக் கூடுதல், 1980-களுக்குப் பின் மறைந்துவிட்டது. மின்சாரத்தின் இயல்பு இடையில் மாறிவிடவில்லை. கம்பியருகே வாழும் மக்களின் நிலை மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள்.

அப்படியானால் எல்லாம் வீண் பயம் என்று தள்ளிவிடுவோரையும் நான் ஏற்கவில்லை. ஆண்டர்ஸ் ஆல்பொம் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் ஒன்பது ஆய்வுகளின் கணக்கை ஒன்றாகத் திரட்டினர். சராசரியாக 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தில் வாழ்ந்த குழந்தைகளிடையே இரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால்தான் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2002-இல் இதைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற ஐயப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அத்தகைய வீடுகளில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.8 சதவீதமே. கருவி வைக்க இணங்கிய நோயற்ற குடும்பங்கள் வசதி மிகுந்தவையாக இருந்ததால் கணக்கு சாய்ந்திருக்கலாம் என்பதும் தீராத ஐயம். இந்த அலைவெண்ணில் மின்காந்தப் புலத்துக்கு உயிரணுவின் மரபுப் பொருளை உடைக்கும் ஆற்றலும் இல்லை.

இரு மடங்கு என்றதும் மனம் பதறுகிறது. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரத்தப் புற்றுநோய் கண்ட 1000 குழந்தைகளில், இத்தகைய வீடுகளில் வாழ்வோர் இயல்பாக 8 பேர் இருப்பார்கள். தொடர்பு உண்மையானால் அது 16 ஆகும். மற்ற 992 குழந்தைகளுக்கு நோய் ஏன் வந்தது என்பதற்கு மின்கம்பியிடம் விடை இல்லை.