எல்லைச் சாலைக்கு ஒரு சட்டைப்பைக் கேமரா

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் கோடைப் பகலில் நின்றால் வானம் முழுக்க வெளுத்துக் கிடக்கும். கரும்பனை ஓலை ஒவ்வொன்றும் அந்த வெளுப்பில் கூர்கூராகத் தெரியும். அங்கிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட், மறையூர் என்று ஏறி மூணாறு போய்ச் சேரும்போது மூடுபனி இறங்கி, பத்தடி தள்ளி நிற்கும் ஜீப்பே மங்கிவிடும். பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் நடுவில் ஆனைமலை கிடக்கிறது. இந்தப் பக்கத்து மக்கள் இரண்டுக்கும் இடையே தமிழ்நாட்டுச் சாலை வழியாகத்தான் போய்வருகிறார்கள். கண்ணைக் கூசவைக்கும் வெயிலும் வெளிச்சமே இல்லாத மூட்டமும் ஒரே நாளில் கிடைக்கும் இந்த வழியைவிடக் கேமராவைச் சோதிக்க நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சோதித்தது ஒரே ஒரு கேள்விக்காக. சட்டைப்பையிலோ பேன்ட் பாக்கெட்டிலோ அடங்கும் கேமராவில் எடுத்த படத்தை ஸ்டாக் ஏஜென்சிகளுக்கு விற்க முடியுமா? ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், அலாமி போன்ற நிறுவனங்களிடம் படத்தை ஏற்றிவைத்தால், உலகின் எந்த மூலையிலோ ஒரு பத்திரிகையோ பாடநூல் பதிப்பகமோ விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு பங்கு நமக்கு. கல்யாண போட்டோவில் மறைந்துவிடும் குறைகள் இங்கே மறையாது. பரிசோதிப்பவர் படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கி ஓரம் வரை பார்ப்பார்.

மெகாபிக்சல் கணக்கை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது பெரிய விஷயமே இல்லை. ஷட்டர்ஸ்டாக்குக்கும் அடோபிக்கும் 4 மெகாபிக்சல் இருந்தால் போதும். அலாமி, சுருக்காத நிலையில் 17 எம்பி கேட்கிறது. பயமுறுத்தும் எண்தான், ஆனால் 3000க்கு 2000 பிக்சல் உள்ள படம், அதாவது 6 மெகாபிக்சல், அதைத் தாண்டிவிடும். இன்று எந்தக் கேமராவும் இதைத் தரும். படம் திரும்பி வருவது வேறு காரணங்களால்: கூர்மை இல்லை, நிழலில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ், இலை ஓரத்தில் ஊதாக் கோடு, சென்சாரில் தூசி. அலாமியில் ஒரு தொகுப்பில் ஒரு படம் தோற்றாலும் மொத்தத் தொகுப்பும் திரும்பும்.

ஆகவே பார்க்கவேண்டியது சென்சார் அளவு. சாதாரண பாயின்ட் அண்ட் ஷூட் கேமராவின் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். 'ஒரு இஞ்ச்' என்று விற்கப்படுவது 13.2க்கு 8.8, பரப்பில் நான்கு மடங்கு. ஏபிஎஸ்-சி 23.5க்கு 15.6; ஒரு இஞ்சைவிட இன்னும் மூன்று மடங்கு. முப்பது மடங்கு ஜூம் என்று பெட்டியில் எழுதிய சின்ன சென்சார் கேமராக்களை நான் தொடவேயில்லை. பனிமூட்டத்தில் அவை தரும் படத்தை எந்த ஏஜென்சியும் எடுக்காது.

மூன்று கேமராக்களை எடுத்துக்கொண்டேன். 2014இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3. 2019இல் வந்த அதன் தம்பி மார்க் 7. 2021இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3எக்ஸ். சோனிகள் இரண்டும் ஒரு இஞ்ச், 20 மெகாபிக்சல், எடை 300 கிராம் பக்கம். ரிக்கோ ஏபிஎஸ்-சி, 24 மெகாபிக்சல், ஆனால் 262 கிராம்தான். கூடவே ஒரு ஆண்ட்ராய்டு போன்.

போனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல வெயிலில் அதன் படம் தேறும். தேயிலைச் சரிவில் தோற்றது. ஒரு செடிக்கு ஆயிரம் இலை. அவ்வளவு நுணுக்கத்தையும் போனின் மென்பொருள் நாய்ஸ் என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. சின்னத் திரையில் அழகாக இருக்கும் மலை, கணினியில் பெரிதாக்கினால் பச்சைச் சாந்து பூசிய சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று கேமராவிலும் ஐஎஸ்ஓ 125, 200 அளவில் இலை இலையாகவே நின்றது.

பனையோலைதான் என் சோதனை அட்டை. மரத்தைப் படத்தின் மூலையில் வைத்து, வெளுத்த வானத்தின் முன் எடுத்துப் பார்த்தால் லென்ஸின் லட்சணம் தெரிந்துவிடும். ஜிஆரின் மூலை, முழுத் திறப்பான எஃப்/2.8லேயே கூர்மை, ஊதாக் கோடு அநேகமாக இல்லை. சோனி மார்க் 3 எஃப்/1.8இல் மூலையில் சற்று மங்கல், எஃப்/4க்கு வந்தால் சரி. மார்க் 7இல் 24 மில்லிமீட்டரில் குறையில்லை. 200க்கு நீட்டினால் எஃப்/4.5, ஓலை நுனி கொஞ்சம் மென்மையாகிறது. 20 மெகாபிக்சலை 10க்குச் சுருக்கினால் அந்த மென்மை போய்விடுகிறது. 6 இருந்தால் போதும் என்கிற இடத்தில் 10 கொடுப்பதில் நஷ்டமில்லை. இந்தச் சுருக்கல் ஏமாற்று வேலையும் இல்லை.

ஒரு இஞ்ச் சென்சாரில் புழங்க ஒரு விஷயம் பழகவேண்டும். பெரிய கேமராக்காரர்கள் மலைக்காட்சிக்கு எஃப்/11 வைப்பார்கள். இங்கே எஃப்/4 வைத்தாலே அதே ஆழத்துக்கு எல்லாம் தெளிவாக வந்துவிடும். எஃப்/8, எஃப்/11 என்று போனால் டிஃப்ராக்ஷனால் மொத்தப் படமும் மங்கும். பழக்கதோஷத்தில் எஃப்/11 வைத்து எடுத்துவிட்டு, கேமரா சரியில்லை என்று விற்றுவிடுகிறவர்கள் உண்டு.

பாலக்காட்டு வெயிலுக்கு ரா ஃபைலில் எடுப்பது கட்டாயம். வானம் வெடித்துவிடாமல் முக்கால் ஸ்டாப் குறைத்து எடுத்து, நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். இப்படித் தூக்கும்போது ஜிஆர் மற்ற இரண்டையும் தெளிவாக வென்றது. சென்சார் அளவின் பலன் இங்கேதான் தெரிகிறது. எனக்கு ஒரு இஞ்சில் ஐஎஸ்ஓ 800 எல்லை. ஜிஆரில் 3200 வரை கவலையில்லாமல் போனேன்.

இதோடு நிறுத்தினால் ஜிஆர்தான் முதல். ஆனால் பாலக்காட்டுக் கல்பாத்தியும் இடுக்கி ஏலத்தோட்டமும் வேறு தீர்ப்புச் சொல்லின.

கல்பாத்தி அக்ரஹாரத் தெரு குறுகல். ஐப்பசி கடைசியில், நவம்பரில், தேர் வரும்போது திண்ணைக்குப் பின்னால் போக இடமிருக்காது. 24 மில்லிமீட்டர் இருந்தால் வடம் பிடிப்பவர்களும் தேர் உச்சியும் ஒரே சட்டத்தில் அடங்கும். ஜிஆர் 3எக்ஸின் 40 மில்லிமீட்டரில் தேரின் பாதிதான். 28 மில்லிமீட்டர் கொண்ட ஜிஆர் 3 ஓரளவு சமாளிக்கும், அதை 50க்கு வெட்டினாலும் 7 மெகாபிக்சல் மிஞ்சும். ஆனாலும் தூரத்தில் எதிர்ச் சரிவில் கொழுந்து பறிப்பவர்களை நெருக்கிக் காட்ட அதனால் முடியாது. அங்கே மார்க் 7இன் 200 மில்லிமீட்டருக்கு நிகர் இல்லை. ராஜமலையில் வரையாடு சாலையோரம் வரை வந்து நிற்கும். அதற்கும் 200 போதும். யானைக்கு எந்தப் பாக்கெட் கேமராவும் உதவாது. கிட்டே போய் எடுக்க நினைக்காதீர்கள்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிறது; வெள்ளை இதழில் ஊதா ரேகை ஓடிய பூவும் அங்கேதான், காயும் அங்கேதான். வண்டன்மேட்டிலோ உடும்பன்சோலையிலோ அதை எடுக்க மண்ணில் படுத்தாகவேண்டும், தோட்டத்தில் அட்டையும் இருக்கும். சோனிகளின் திரை மடங்கி மேலே பார்க்கும்; கேமராவைத் தரையில் வைத்து, குத்தவைத்து உட்கார்ந்தபடி எடுத்துவிடலாம். ஜிஆரின் திரை அசையாது. இந்த ஒரு காரணத்தாலேயே ஏலக்காட்டில் ஜிஆர் பைக்குள் போனது. மார்க் 3 அகலக் கோணத்தில் 5 சென்டிமீட்டர் வரை நெருங்கும். பூவின் ரேகை எண்ணலாம்.

காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போகும்போது கவனம். வெளியே குளிர், உள்ளே அனலும் ஈரமும். குளிர்ந்த லென்ஸை அப்படியே நீட்டினால் உடனே ஆவி படியும். ஜிப் பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளே கொண்டுபோய், சூடு ஒத்துப்போனபின் எடுங்கள். உள்ளே வெளிச்சம் குறைவு. அங்கே மார்க் 3இன் எஃப்/1.8 கைகொடுத்தது, மார்க் 7இன் எஃப்/2.8க்கு ஐஎஸ்ஓவை ஏற்றவேண்டியிருந்தது. சின்னாறு பக்கம் சாலையிலிருந்து தெரியும் தூவானம் அருவியிலும் பழைய கேமராவுக்கே வெற்றி. வெளிச்சத்தைக் குறைத்து நீரோட்டத்தை மென்மையாக எடுக்க உதவும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் மார்க் 3இல் உள்ளேயே இருக்கிறது, மார்க் 7இல் அதை எடுத்துவிட்டார்கள். ஜிஆரில் இரண்டு ஸ்டாப் உண்டு.

பேட்டரி மூன்றுக்கும் பலவீனம். நிறுவனங்களே சொல்லும் கணக்கில் ஜிஆருக்கு 200 படம், மார்க் 7க்கு 260, மார்க் 3க்கு 320. கூடுதலாக இரண்டு பேட்டரி இல்லாமல் மலை ஏறாதீர்கள். மூன்றிலும் மழைத் தடுப்பும் இல்லை, லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும் வகை. ஜூன் முதல் இடுக்கியில் இவற்றைக் குடைக்கு வெளியே நீட்டக்கூடாது.

இனி, எதை எடுப்பது? கேமராத் தேர்வு அதைப் பொறுத்ததுதான். மூணாறு என்று தேடினால் ஆளில்லாத பச்சைத் தேயிலை மலைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. போதாததற்கு, 2022 டிசம்பர் முதல் ஏஐ உருவாக்கிய படங்களையும் அடோபி ஸ்டாக் ஏற்கிறது. மூட்டம் சூழ்ந்த தேயிலை மலையை இனி யாரும் வீட்டிலிருந்தே உண்டாக்கிவிடலாம். விடியற்காலை கம்பம், போடி பக்கமிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறும் ஜீப்பை அப்படி உண்டாக்க முடியாது. லயத்து வாசலில் காயும் துணி, கவாத்து முடிந்த தேயிலைச் சரிவு, மறையூரில் கொப்பரையில் கொதிக்கும் வெல்லப் பாகு, வாளையாறு சாலையின் லாரிகள், சித்தூர் வயலில் அறுவடை இயந்திரம்: தேதியும் ஊரும் சரியாக எழுதிய இத்தகைய படங்கள்தான், விளம்பரத்துக்கல்லாமல் செய்திக்கும் பாடநூலுக்கும் போகும் எடிட்டோரியல் பிரிவுக்கு வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் பெரிய கேமராவைத் தூக்கினால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நிமிர்கிறார்கள். சின்னக் கேமராவைப் பார்த்து யாரும் கையை நிறுத்துவதில்லை. பாக்கெட் கேமராவின் உண்மையான பலம் இதுதான்; அதற்காகவே இவ்வளவு மெனக்கெடலாம்.

சின்னது என்பதற்காகக் கேட்காமல் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. முகம் தெரிந்தால், விளம்பரத்துக்குப் போகும் படத்துக்கு அவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் வேண்டும். எடிட்டோரியலுக்கு அது தேவையில்லை என்றாலும் நான் கேட்டே எடுப்பேன். எடுத்த படத்தை அனுப்பியும் வையுங்கள். முதுவர் பழங்குடியினரின் குடிகளுக்குள் அனுமதியின்றிக் கேமராவோடு நுழையாதீர்கள். எஸ்டேட் தனியார் நிலம். சரணாலயத்துக்குள் வணிகப் படப்பிடிப்புக்கு வனத்துறை விதி தனி; பறம்பிக்குளமும் சின்னாறும் இதில் ஒன்றுதான். மலம்புழாவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் முடித்த யக்ஷி சிலையை எடுக்கலாமா என்று ஒரு சந்தேகம் வரும். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனாலும் ஏஜென்சிகள் உரிமையாளர் ஒப்புதல் கேட்கக்கூடும். எடிட்டோரியலாக ஏற்றுவது நல்லது.

வருமானத்தைப் பற்றிக் கனவு வேண்டாம். 2020 ஜூனிலிருந்து ஷட்டர்ஸ்டாக்கில் ஆரம்பப் படியில் 15 சதவீதம். ஒரு டவுன்லோடுக்குக் குறைந்தது 10 அமெரிக்க சென்ட். அடோபி 33 சதவீதம் தருகிறது. இந்தக் கணக்கில் புது மார்க் 7 வாங்கிப் பணத்தைத் திரும்ப எடுக்க நீண்ட காலம் பிடிக்கும்.

அதனால் என் தீர்ப்பு: ஸ்டாக்குக்கென்று முதல் கேமரா வாங்குபவர் நல்ல நிலையில் உள்ள பழைய ஆர்எக்ஸ்100 மார்க் 3 வாங்கலாம். 24 முதல் 70 மில்லிமீட்டர், எஃப்/1.8, மடங்கும் திரை, உள்ளே என்டி, வெயிலில் கண்ணருகே வைத்துப் பார்க்க மேலெழும் வியூஃபைண்டர். இந்த எல்லை மாவட்டங்களில் விற்கத்தக்க படங்களில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். படம் விற்கத் தொடங்கி, எதிர்ச் சரிவு எட்டவில்லை என்ற குறை உண்மையிலேயே வந்தால் மார்க் 7. தெருவும் மனிதர்களும் மட்டுமே போதும், குறைந்த வெளிச்சத்தில் தரம்தான் முக்கியம் என்பவருக்கு ஜிஆர். மழைக்கும் தூசிக்கும் அதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ளவேண்டும்.

பழையது வாங்கும்போது கடையிலேயே லென்ஸை முழுக்க நீட்டி, டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். மலையிலிருந்து வந்த கேமராக்களில் அது சகஜம். வெளுத்த வானத்தை எஃப்/11இல் ஒரு படம் எடுத்து, கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கிக் கரும்புள்ளி தேடுங்கள். ஒரு புள்ளி தெரிந்தாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.