சூழலிசையும் திருவழிபாடும்

இசை என்றவுடன் மெட்டும் தாளமுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டையும் பின்னே நிறுத்தி, ஒலியின் இழைவையும் அது எழுப்பும் சூழலையுமே முதன்மையாகக் கொள்ளும் இசைவகை ஒன்று மேலைநாடுகளில் வேரூன்றியுள்ளது. அதனைச் சூழலிசை எனலாம். பிரெஞ்சு இசைமேதை எரிக் சாட்டி, அறையில் கிடக்கும் மேசை நாற்காலிபோல் உறுத்தாமல் உடனிருக்கும் இசையை 1917இல் உருவாக்க முற்பட்டார். 1978இல் ஆங்கிலேயரான பிரையன் ஈனோ, விமான நிலையங்களுக்கென ஓர் இசைத்தட்டு வெளியிட்டு, 'ஆம்பியன்ட்' என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். கூர்ந்து கேட்பவர்க்கும் கேளாதிருப்பவர்க்கும் அவ்விசை ஒருங்கே இடந்தர வேண்டும் என்பது அவர்தம் கோட்பாடு.

அத்தட்டின் ஒரு பகுதியில், மனிதக் குரல்களைப் பதித்த ஒலிநாடாக்கள் வெவ்வேறு நீளமுள்ள வளையங்களாகச் சுழல்கின்றன. ஆதலால் ஒருமுறை கேட்ட ஒலிச்சேர்க்கை எளிதில் மீள்வதில்லை. கேட்போர் உள்ளம் தணிகிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்விசை நம்மிடம் எதையும் கேட்பதில்லை. காத்திருப்போரின் பதற்றத்தை ஆற்றுவதோடு நின்றுவிடுகிறது. அதன் நிறைவும் குறையும் இதுவே என்போம்.

நம் மண்ணின் வீணை மரபு இங்கு ஒப்பிடத்தக்கது. 1952இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற காரைக்குடி சாம்பசிவ ஐயரின் பெயரால் இன்றும் ஒரு பாணி வழங்குகிறது. வீணையின் ஏழு தந்திகளுள் நான்கே இராகத்தை இசைப்பவை; ஏனைய மூன்றும் சுருதியையும் தாளத்தையும் தாங்கிப் பக்கத்தில் நிற்கின்றன. ஒலியின் இழைவு இங்கும் உண்டு. ஆனால் அது தனித்து நில்லாது, இராகத்திற்குப் பணிபுரிகிறது. மீட்டிய நாதம் தேய்ந்து அடங்கும்வரை நம் செவியும் அதனைப் பின்தொடர்கிறது.

இவ்வேறுபாடு நம் ஆலயங்களுக்கும் உரியது. நற்கருணை உட்கொண்டபின் வரும் அமைதியைப் பல இடங்களில் மின்விசைப்பலகையின் நீண்ட ஒலி நிரப்பிவிடுகிறது. பக்திச் சூழலை உண்டாக்கும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். எனினும், உரிய வேளைகளில் தூய மௌனம் காக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் பணித்தது; 1967இல் வெளியான திருஇசை பற்றிய அறிவுரையும் அதனை வலியுறுத்தியது. அம்மௌனம் நிரப்பப்பட வேண்டிய வெற்றிடம் அன்று. இறைமக்கள் அனைவரும் பங்குகொள்ளும் வழிபாட்டுச் செயல்.

சூழலிசையை நாம் வெறுக்க வேண்டியதில்லை. வேலை செய்யும் அறைக்கும் பயணத்திற்கும் அது நல்ல துணை. திருப்பலியிலோ, இறைவனோடு பேசவும் அவர் பேசுவதைக் கேட்கவும் கூடுகிறோம். நம் பாடற்குழுவினர் நற்கருணைப் பாடல் முடிந்ததும் இரண்டு நிமிடம் கைகளை விசைப்பலகையினின்று எடுத்துவிடட்டும். முதல் சில வாரங்கள் இருமலும் குழந்தைகளின் குரலுமே கேட்கும். அவற்றோடும் செபிக்கப் பழகுவோம்.