சான்சோவின் அரைப் பாண்

போன மாதம் நண்பர் ஒருவர் தன் சிறுகதையை வாசிக்கத் தந்தார். இரண்டே பாத்திரங்கள். ஒருவன் இயக்கத்துக்குப் போய்க் காலை இழந்தவன். மற்றவன் காட்டிக்கொடுத்தவன். இருவரும் வெளிநாட்டில் ஒரே அறையில் வந்து சேர்கிறார்கள். முதலாமவன் நல்லவன், இரண்டாமவன் கெட்டவன். கடைசி வரியிலும் அப்படியேதான். "முரண் நல்லா விழுந்திருக்குத்தானே?" என்று கேட்டார். முரண் விழுந்துதான் இருந்தது. ஆனால் கதை எழும்பவில்லை. ஏன் என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதை அவருக்கான பதிலாகவும், எமது புலம்பெயர் கதைகள் பலவற்றைப் பற்றிய என் முறைப்பாடாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

நான் இலக்கியத்தை முறையாகக் கற்றவனல்ல. பல்கலைக்கழகப் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. இப்போது பாரிசில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, செர்வாந்தேசின் 'டொன் கிஹோத்தே'யைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் வாசித்து முடித்தேன். முதற்பாகம் 1605இலும் இரண்டாம் பாகம் 1615இலும் வந்தவை. எதிரெதிர்ப் பாத்திரங்கள் என்றால் எல்லோரும் சுட்டுவது இந்த நாவலைத்தான். நெட்டை மெலிந்த பிரபு, குட்டைத் தடித்த குடியானவன். ஒருவன் புத்தகம் வாசித்துப் பித்தானவன், மற்றவன் எழுத்தறியாதவன். ஒருவனுக்குப் புகழ் வேண்டும், மற்றவனுக்குச் சோறும் வாக்களிக்கப்பட்ட தீவின் ஆட்சியும் வேண்டும்.

ஆனால் நாவலின் பலம் இந்தப் பட்டியலில் இல்லை. அம்மியையும் குழவியையும் பக்கத்தில் வைத்துவிட்டால் சம்பல் வந்துவிடாது, அரைக்கவேண்டும். முதல் தடவை டொன் கிஹோத்தே தனியாகத்தான் புறப்படுகிறான். சான்சோ இல்லை. தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறான், அடி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். ஏழாம் அத்தியாயத்தில் சான்சோ கழுதையோடு வந்து சேர்ந்த பிறகுதான் புத்தகத்துக்குள் பேச்சு வருகிறது. அதன் பின் நாம் வாசிப்பது சண்டைகளையல்ல, இரண்டு மனிதர் வழிநெடுகப் பேசிக்கொண்டு போவதையே.

அந்தப் பேச்சில் இருவரும் மாறிக்கொண்டு போகிறார்கள். தொடக்கத்தில் காற்றாலைகளை டொன் கிஹோத்தே அரக்கர்களாகக் காண்கிறான், சான்சோ காற்றாலைகளாகவே காண்கிறான். இரண்டாம் பாகத்தின் பத்தாம் அத்தியாயத்தில் எல்லாம் தலைகீழ். துல்சினேயாவைத் தேடிப்பிடிக்க வழி தெரியாத சான்சோ, கழுதைகளில் வரும் மூன்று நாட்டுப்புறப் பெண்களைக் காட்டி, இதோ உங்கள் சீமாட்டி என்று முழங்காலில் விழுகிறான். இப்போது உள்ளதை உள்ளபடி காண்பவன் டொன் கிஹோத்தே. சான்சோவின் வாயில் எசமானின் பாஷை. இறுதியில் பித்துத் தெளிந்து சாகக் கிடக்கும் எசமானிடம், சாகவேண்டாம், எழும்புங்கள், மேய்ப்பர் வேடத்தில் வயல்வெளிக்குப் போவோம் என்று அழுபவனும் அதே சான்சோதான். முதல் நாளில் இருந்த முரணே கடைசி நாளிலும் இருந்திருந்தால் இந்த அழுகைக்கு இடமில்லை.

எனினும் என்னைப் பிடித்து நிறுத்தியது இரண்டாம் பாகத்தின் 54ஆம் அத்தியாயம். அகதியான எவரும் அதை ஒருமுறை வாசிக்கவேண்டும். சான்சோ தன் 'தீவின்' ஆட்சியை விட்டுவிட்டு வருகிறான். கொண்டு வருவது கழுதைக்குக் கொஞ்சம் வாற்கோதுமை, தனக்கு அரைப் பாண், அரைக் கட்டிச் சீஸ். வழியில் அந்நிய யாத்திரிகர் சிலர் பிச்சை கேட்கிறார்கள். பாணையும் சீஸையும் கொடுத்துவிடுகிறான். அவர்களில் ஒருவன் சான்சோவைக் கட்டிப்பிடிக்கிறான். அவன் சான்சோவின் ஊர்க் கடைக்காரன் ரிக்கோத்தே. மொரிஸ்கோ இனத்தவன், அதாவது கட்டாயத்தின் பேரில் கிறிஸ்தவராக்கப்பட்ட ஸ்பானிய முஸ்லிம்களின் வழிவந்தவன். 1609க்கும் 1614க்கும் இடையில் அரச கட்டளையால் இம்மக்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டனர். ரிக்கோத்தே பிரான்சுக்குப் போய், இத்தாலிக்குப் போய், ஜேர்மனியில் வீடெடுத்தவன். புதைத்து வைத்த பொருளைத் தோண்டி எடுக்க வேடமிட்டு வந்திருக்கிறான்.

இருவரும் புல்லில் இருந்து சாப்பிடுகிறார்கள், வைன் குடிக்கிறார்கள். துரத்தியது நியாயம் என்று ரிக்கோத்தே பேசுகிறான். அதே வாயால், போன இடமெல்லாம் ஊரை நினைத்து அழுததையும் சொல்கிறான். பொருளைத் தோண்ட உதவினால் 200 எஸ்குடோ தருவதாகச் சொல்கிறான். சான்சோ மறுக்கிறான். அரசனின் பகைவருக்கு உதவுவது துரோகம் என்கிறான். ஆனால் உன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்றும் சொல்கிறான். ரிக்கோத்தேயின் மகள் ஊரைவிட்டுப் போன நாளில் தானும் அழுததைச் சொல்கிறான்.

இங்கே முரண் அழியவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சான்சோ அரசனின் ஆள்தான், ரிக்கோத்தே பகைவன்தான். பாணைப் பகிர்ந்ததால் இருவரும் ஒரே கட்சி ஆகவில்லை. உறவு வந்ததால் அந்த முரண் இன்னும் வலிக்கிறது, அவ்வளவுதான். இதை எழுதியவர் யார்? 1571இல் லெபாந்தோக் கடற்சமரில் துருக்கியருக்கெதிராகப் போரிட்டு இடக்கை முடமானவர். 1575 முதல் ஐந்து வருடம் அல்ஜியேர்சில் கைதியாகக் கிடந்தவர். முஸ்லிம்மீது வெறுப்பை எழுத அவருக்குக் காரணம் இல்லாமலில்லை. அவர் அந்த மனிதனுக்குப் புல்லில் இடம் போட்டுக் கொடுத்தார்.

எமது கதைகளில் இந்தப் புல்தரை இல்லை. போராளி இருக்கிறான், துரோகி இருக்கிறான். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, வாசகரைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். இப்படி எழுதினால் துரோகத்தை மன்னிப்பதாகிவிடும் என்று அஞ்சுகிறோம். சான்சோ மன்னிக்கவுமில்லை, தண்டிக்கவுமில்லை. கதைக்கு வேண்டியது தீர்ப்பல்ல.

எங்கள் குசினியில் இரண்டு பேர். மூத்தவர் எண்பதுகளில் ஓர் இயக்கத்தில் இருந்தவர். இளையவர், அந்த இயக்கத்தை அழித்த இயக்கத்தில் பின்னாளில் இருந்தவர். அரசியலை இருவரும் எடுப்பதில்லை. மூத்தவருக்கு நாரி நோ வந்தால், பெரிய சட்டிகளை இளையவர் "விடுங்கோ அண்ணை" என்று தான் தூக்கி வைப்பார். மூத்தவர் வேண்டாம் என்பதுமில்லை, நன்றி சொல்வதுமில்லை. இரவு கடைசி மெத்ரோவுக்கு ஒன்றாக ஓடுவார்கள். வண்டியில் தள்ளித் தள்ளி இருப்பார்கள். அந்த இரண்டு ஆசனத்துக்கு இடையிலுள்ள தூரத்தை எழுதிய கதை ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.

நண்பருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் ஆறு மாதம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு மாதமும் யார் சமைத்தது? காலில்லாதவனுக்குக் காய்ச்சல் வந்த இரவில் கஞ்சி வைத்தது யார்? அவன் அதைக் குடித்தானா? அங்கிருந்து தொடங்கித் திரும்ப எழுதுங்கள்.